மூட்டை கட்டிக்கொண்டு போன ஜெபக்கூட்டம்: ‘கேம்ப் மீட்டிங்’ என்றால் என்ன?

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: “அந்தக் காலத்துல அமெரிக்காவுல காட்டுக்குள்ள பெரிய டென்ட் அடிச்சு மெத்தடிஸ்டுக்காரங்க கூட்டம் போட்டாங்க அண்ணாச்சி. சனமெல்லாம் நாய் மாதிரி குரைச்சுதாம்.” ரசம் வந்துவிட்டதால் நான் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாக்கியத்தில் மூன்று பிசகு. பெரிய டென்ட் கிடையாது. தொடங்கியவர்கள் மெத்தடிஸ்டுகள் என்ற கிறிஸ்தவச் சபைப் பிரிவினர் இல்லை. குரைத்த கதை வேறு கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

அவர் சொன்ன கூட்டத்துக்கு ‘கேம்ப் மீட்டிங்’ என்று பெயர். 1800ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவின் கென்டக்கி, டென்னசி பகுதிகளில் உருவானது. சபைக்காரர்கள் அதைப் பரலோகம் இறங்கிய நாட்கள் என்பார்கள். வேடிக்கை பார்ப்பவர்கள் பைத்தியக்காரத்தனம் என்பார்கள். அது எப்படி நடந்தது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை. இங்கே அதைத்தான் பார்க்கப்போகிறோம்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

‘எழுப்புதல்’ என்பது ஒரு கூட்டத்தின் பெயரல்ல. சபைகளில் தூங்கிக் கிடந்த பக்தி மறுபடி விழித்துக்கொண்டு, பலர் ஒரே காலத்தில் மனந்திரும்பும் நிலைக்கு அந்தப் பெயர். 1790களின் கடைசியில் கிளம்பி 1830கள் வரை அமெரிக்காவில் அடித்த அப்படியொரு அலையை வரலாற்றாசிரியர்கள் ‘இரண்டாம் பெரும் எழுப்புதல்’ என்கிறார்கள். கேம்ப் மீட்டிங் அந்த அலையில் பிறந்த ஒரு கருவி. ஒரே கருவி அல்ல. கிழக்குக் கரையில் நியூ இங்கிலாந்துக்காரர்கள் இதே எழுப்புதலைக் கட்டடத்துக்குள் அமைதியாகவே நடத்தினார்கள். 1816இல் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கி, பிறகு வட்டுக்கோட்டை செமினரியைத் தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள் அந்த அமைதியான கிளையைச் சேர்ந்தவர்கள். ஆகவே ‘அமெரிக்க எழுப்புதல்’ என்றதும் எல்லோரையும் காட்டுக்குள் அனுப்பிவிட வேண்டாம்.

அடுத்த சொல் ‘எல்லைப்புறம்’. இது நாட்டு எல்லையில்லை. வெள்ளைக் குடியேறிகள் அப்போதைக்கு எட்டியிருந்த மேற்கு விளிம்பு. வருஷத்துக்கு வருஷம் நகர்ந்துகொண்டே இருந்தது. அந்த விளிம்புக்கு அப்பால் இருந்தது காலி நிலமும் இல்லை. ஷானி, செரோக்கி மக்கள் வேட்டையாடி வாழ்ந்த மண் அது. அப்பலாச்சிய மலையைத் தாண்டி கென்டக்கிக்கு ஆட்கள் வந்து குவிந்த வேகத்தைக் கணக்கெடுப்பே சொல்லும்: 1790இல் சுமார் 73,000 பேர், 1800இல் 2,20,000க்கு மேல். இத்தனை பேர் வந்தும் பெரிய ஊர் என்று எதுவும் இல்லை. மிகப் பெரிய நகரமான லெக்சிங்டனிலேயே 1,800 பேர்கூட இல்லை. மற்றவர்கள் காட்டை வெட்டி, மரக்கட்டைகளை அடுக்கி வீடு கட்டிக்கொண்டு, ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள். அடுத்த வீட்டுப் புகை தெரிந்தாலே நெருக்கமான அயல் என்ற கணக்கு.

தங்கல்தான் விஷயம்

நம்மூர் கன்வென்ஷன் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்குப் போகிறோம், பாட்டு, செய்தி, ஜெபம், ஒன்பதரைக்கு வீடு. அது தங்கல் இல்லாத கூட்டம். இப்போது குலசாமி கோயில் கொடையை நினையுங்கள். அரிசி பருப்பு, பாத்திரம், பாய், பிள்ளைகள் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிப் போய், மரத்தடியில் அடுப்பு கூட்டி, மூன்று நாள் அங்கேயே கிடப்பது. வழிபாடு ஒரு பங்கு. சொந்தபந்தம், வழக்கு, வரன் பேச்சு எல்லாம் மறு பங்கு.

மதம் வேறு, நாடு வேறு. ஆனாலும் கேம்ப் மீட்டிங் இந்த இரண்டாவது வகை. ‘கேம்ப்’ என்ற சொல் குறிப்பது பிரசங்கம் நடக்கும் பந்தலை அல்ல, கேட்க வந்த குடும்பங்களின் தங்கலை. அவரவர் வண்டியிலோ, துப்பட்டியையும் பாய்மரத் துணியையும் கட்டிய சின்னக் கூடாரத்திலோ படுத்துக்கொண்டார்கள். பிரசங்கம் நடந்தது திறந்தவெளியில், மரநிழலில். ஒரே பெரிய கூடாரத்துக்குள் எல்லோரையும் உட்கார வைப்பது பின்னால் வந்த பழக்கம். நம் பந்தி நண்பர் சொன்ன பெரிய டென்ட் அந்தப் பிற்காலத்தது.

ஏன் தங்க வேண்டும்? ஐம்பது மைல் வண்டியில் வருகிறவர் மாலைக்குள் திரும்ப முடியாது. ஏன் பெரும்பாலும் கோடை முடிவில்? கோதுமை அறுத்தாயிற்று, மக்காச்சோளம் இன்னும் முற்றவில்லை. விவசாயிக்குக் கையில் சில நாள் இருக்கும். இடம் பார்ப்பவர்கள் நீரூற்று, நிழல், குதிரைக்கு மேய்ச்சல் மூன்றையும் பார்த்தே குறித்தார்கள்.

இதுவரை: எழுப்புதல் என்பது அலை, கேம்ப் மீட்டிங் அதன் கருவி. கேம்ப் என்றால் கூட்டத்தின் கூரை அல்ல, குடும்பங்களின் தங்கல்.

விதை ஸ்காட்லாந்திலிருந்து வந்தது

காட்டுவாசிகள் உணர்ச்சிவசப்பட்டுத் திடீரென்று கண்டுபிடித்த முறை இது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. ஸ்காட்லாந்து பிரெஸ்பிட்டேரியன் சபைகளில் பழைய வழக்கம் ஒன்று இருந்தது. (பிரெஸ்பிட்டேரியன் என்றால் பிஷப் இல்லாமல், மூப்பர்களும் போதகர்களும் சேர்ந்து நடத்தும் சபை.) அங்கே திருவிருந்து, அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கு, வாராவாரம் கிடையாது, வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறைதான். அது வந்தால் ஊரே திரளும். வியாழன் அல்லது வெள்ளியில் உபவாசம், சனிக்கிழமை ஆயத்தப் பிரசங்கம், ஞாயிறு நீளமான மேசைகளில் திருவிருந்து, திங்கள் நன்றி ஆராதனை. கூட்டம் கட்டடத்தில் அடங்காமல் வெளியே வழியும். 1742இல் காம்பஸ்லாங் என்ற ஊரில் நடந்த திருவிருந்துக்குப் பல்லாயிரம் பேர் வந்தார்கள்.

மேசைக்கு யார் வேண்டுமானாலும் போய்விட முடியாது. மூப்பர்கள் விசாரித்து, தகுதி என்று கண்டால் சின்ன ஈய வில்லை ஒன்றைக் கையில் கொடுப்பார்கள். அதுதான் அனுமதிச் சீட்டு. ‘எனக்கு வில்லை கிடைக்குமா, நான் தகுதியா’ என்ற கேள்வியை மூன்று நாள் ஒருவர் மனசில் உருட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் கென்டக்கியில் வெடித்ததற்கு மருந்து இங்கேயே அடைத்தாயிற்று என்பது என் எண்ணம்.

ஸ்காட்லாந்துக்காரர்களும், வட அயர்லாந்தில் குடியிருந்த அவர்கள் வம்சாவளியினரும் இந்த வழக்கத்தைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து மலை தாண்டி மேற்கே போனது.

ரெட் ரிவரில் ஒரு திங்கட்கிழமை

ஜேம்ஸ் மெக்ரெடி என்ற பிரெஸ்பிட்டேரியன் போதகர் 1796இல் கென்டக்கியின் லோகன் கவுண்டிக்கு வந்தார். நரகத்தை நேரில் பார்த்துவிட்டு வந்தவர் போலப் பிரசங்கிப்பவர். ரெட் ரிவர், காஸ்பர் ரிவர், மட்டி ரிவர் என்று மூன்று சின்னச் சபைகள் அவர் பொறுப்பில்.

1800 ஜூனில் ரெட் ரிவரில் வழக்கமான திருவிருந்துக் கூட்டம். கடைசி நாளான திங்களன்று, விருந்தாளியாக வந்திருந்த ஜான் மெக்கீ என்ற மெத்தடிஸ்ட் போதகர் பேச எழுந்தார். (அவருடைய அண்ணன்தம்பி வில்லியம் பிரெஸ்பிட்டேரியன் போதகர், ஒரே வீட்டில் இரண்டு சபை.) கூட்டத்தில் அழுகை கிளம்பியது. ஜான் அந்தப் பக்கமாக நகர்ந்தபோது யாரோ காதில் சொன்னார்கள்: இவர்கள் பிரெஸ்பிட்டேரியன்கள், ஒழுங்கு தவறினால் பொறுக்கமாட்டார்கள். அவர் திரும்பிப் போகத்தான் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, மனுஷ பயத்தை விட்டுவிட்டுக் கூச்சலிட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் இறங்கிவிட்டார். சற்று நேரத்தில் தரை முழுக்க ஆட்கள் விழுந்து கிடந்தார்கள் என்று அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார்.

செய்தி பரவியது. அடுத்த மாதம் காஸ்பர் ரிவரில் கூட்டம் என்று அறிவித்ததும், வெகு தூரத்திலிருந்து ஆட்கள் வண்டியும் சாப்பாடும் படுக்கையுமாகத் தயாராகவே வந்தார்கள். புதரை வெட்டித் தங்கல் போட்டார்கள். திட்டமிட்டுத் தங்கிய முதல் கேம்ப் மீட்டிங் இதுதான் என்று பலர் இதையே சொல்கிறார்கள்.

கேன் ரிட்ஜ்: உணவு தீர்ந்ததால் முடிந்த கூட்டம்

பார்ட்டன் ஸ்டோன் என்ற இளம் பிரெஸ்பிட்டேரியன் போதகர் இதையெல்லாம் கேள்விப்பட்டு, 1801 வசந்தத்தில் லோகன் கவுண்டிக்கே போய்ப் பார்த்துவந்தார். அவருடைய சபை லெக்சிங்டனுக்கு வடகிழக்கே கேன் ரிட்ஜில். 1791இல் மரக்கட்டைகளால் கட்டிய கூட்ட வீடு. நெருக்கி உட்கார்ந்தால் ஐந்நூறு பேர் கொள்ளும்.

அந்த ஆகஸ்டில் அங்கே நடந்த திருவிருந்துக்கு வந்தவர்கள் பத்தாயிரத்திலிருந்து இருபத்தைந்தாயிரம் வரை இருக்கலாம் என்று அன்றே கணக்குச் சொன்னார்கள். இப்படிப்பட்ட கணக்குகளை நான் கொஞ்சம் தள்ளியே வைப்பேன். போனவர் வந்தவரை எல்லாம் சேர்த்து எண்ணுவது எந்தத் திருவிழாவிலும் நடப்பது. குறைத்தே வைத்துக்கொண்டாலும் லெக்சிங்டனைப் போல ஐந்து மடங்கு.

பெயருக்கு அது பிரெஸ்பிட்டேரியன் திருவிருந்து. மெத்தடிஸ்டுகளும் பாப்டிஸ்டுகளும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம். ஒருவர் குரல் அத்தனை பேருக்கும் எட்டாது. அதனால் ஒரே நேரத்தில் நான்கைந்து பேர் வெவ்வேறு மூலையில் பிரசங்கித்தார்கள். வண்டி மேல் ஒருவர், அடிமரத்தின் மேல் ஒருவர். போதகர்கள் மட்டும் பேசவில்லை. மனம் உடைந்தவர்கள் எழுந்து தன்னைச் சுற்றி நின்றவர்களிடம் கதறினார்கள். பெண்கள், சிறுபிள்ளைகள், அடிமைகள் என்று யார் பேசினாலும் சுற்றி வட்டம் கூடியது.

ஜேம்ஸ் ஃபின்லி என்ற இருபது வயசுப் பையன் வேடிக்கை பார்க்கத்தான் போனான். நயாகரா அருவி இரைவது போலச் சத்தம் இருந்தது என்று அவன் பின்னாளில் எழுதினான். ஓர் அடிமரத்தில் ஏறிப் பார்த்தபோது, ஆயிரம் பீரங்கி சுட்டது போல நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே கணத்தில் சாய்ந்தார்களாம். தலைமயிர் சிலிர்த்தது, காட்டுக்குள் ஓடினான். மனசு கேட்கவில்லை. பக்கத்துச் சத்திரத்துக்குப் போய் பிராந்தி வாங்கிக் குடித்தான். அதற்கும் அடங்கவில்லை. கடைசியில் அந்தப் பையன் மெத்தடிஸ்ட் போதகனாகவே ஆனான்.

ஆறேழு நாள் இரவும் பகலும் நடந்து, அக்கம்பக்கத்தில் சாப்பாட்டுச் சாமான் தீர்ந்துபோனதால்தான் கூட்டம் கலைந்தது என்கிறார் ஸ்டோன். ஆவி ஓய்ந்ததால் அல்ல, மாவு தீர்ந்ததால். தங்கல்தான் விஷயம் என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

விழுந்தவர்கள், வெட்டி இழுத்தவர்கள், ‘குரைத்த’ பெரியவர்

உடம்பில் நடந்தவற்றுக்கு அந்தக் காலத்தவர் ‘எக்சர்சைஸ்’ என்று பெயர் வைத்தார்கள். இன்றைய தேகப்பயிற்சி இல்லை, உடல் தானாக இயங்குவது என்று பொருள். அதிகம் நடந்தது விழுதல்: அலறி விழுந்து, நிமிஷக்கணக்கிலோ மணிக்கணக்கிலோ அசையாமல் கிடந்து, எழுந்ததும் சாட்சி சொல்வது. இதைத் தவிர ஆடுதல், சிரித்தல், ஓடுதல் என்று ஸ்டோன் தன் சுயசரிதையில் ஒவ்வொன்றாக விவரிக்கிறார்.

எல்லோருக்கும் தெரிந்தது ‘ஜெர்க்ஸ்’: தலையோ உடம்பு முழுதுமோ முன்னும் பின்னும் வெட்டி வெட்டி இழுப்பது. பீட்டர் கார்ட்ரைட் என்ற மெத்தடிஸ்ட் போதகர், பட்டு உடுத்திய பெண்களின் தொப்பியும் சீப்பும் பறந்துபோய், அவிழ்ந்த கூந்தல் வண்டிக்காரன் சாட்டைபோலச் சொடுக்கியதை எழுதியிருக்கிறார். (1846இல் நாடாளுமன்றத் தேர்தலில் ஆபிரகாம் லிங்கனிடம் தோற்றவரும் இவர்தான்.) லாரன்சோ டவ் என்ற ஊர்சுற்றிப் பிரசங்கியார் 1804இல் டென்னசியில் ஒரு கூட்டம் நடந்த இடத்தைப் பார்த்தார். இளமரங்களை அடியோடு வெட்டாமல் நெஞ்சு உயரத்தில் முளைபோல விட்டுவைத்திருந்தார்கள்; இழுப்பு வந்தவர்கள் பிடித்துக்கொள்ள. அவற்றைச் சுற்றி மண், ஈ விரட்டும் குதிரை காலால் உதைத்தது போலக் கிளறிக் கிடந்ததாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: வெட்டிழுப்பு வருமென்று கூட்டத்துக்கு முன்பே ஏற்பாடு செய்திருக்கிறார்கள். தானாக வருவது மெல்ல வழக்கமாகிவிட்டது.

இப்போது குரைப்பு. தலை வேகமாக வெட்டி இழுக்கும்போது தொண்டையிலிருந்து ‘ஹுக்’ என்று ஒரு சத்தம் வரும். கிழக்கு டென்னசியில் வயதான பிரெஸ்பிட்டேரியன் போதகர் ஒருவர் தனியே ஜெபிக்கக் காட்டுக்குள் போனார். அங்கே இழுப்பு வந்துவிட்டது. விழாமலிருக்கப் பக்கத்தில் நின்ற இளமரத்தைப் பிடித்துக்கொண்டார். தலை பின்னால் போக, முகம் மேலே பார்க்க, வாயிலிருந்து அந்தச் சத்தம். அந்த வழியாகப் போன ஒரு குறும்புக்காரன் பார்த்துவிட்டு, ‘பெரியவர் மரத்தைப் பார்த்துக் குரைக்கிறார்’ என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டான். குரைப்பு என்ற பெயர் வந்த வழி இதுதான் என்று ஸ்டோன் எழுதுகிறார். ஸ்டோன் எழுப்புதல் பக்கத்து ஆள்தான், தன் கூட்டத்தை விட்டுக்கொடுக்கமாட்டார். ஆனாலும் மரத்தடிப் பெரியவர் ஒருவர் இருநூறு வருஷத்தில் கூட்டம் கூட்டமான நாய்களாக மாறிய விதம் வதந்தி வேலை செய்யும் அழகுதான்.

இதுவரை: ஸ்காட்லாந்து திருவிருந்து வழக்கம், கென்டக்கியின் தூரம், பல நாள் தங்கல் மூன்றும் சேர்ந்து கேம்ப் மீட்டிங் ஆனது. உடல் அசைவுகள் உண்மை; ஆனால் வந்தவர்கள் எல்லோருக்கும் வரவில்லை.

மெத்தடிஸ்டுகள் வந்து ஒழுங்குபடுத்தினார்கள்

வேடிக்கை என்னவென்றால், தொடங்கிய பிரெஸ்பிட்டேரியன்களே சீக்கிரம் விலகினார்கள். படித்த போதகர், வரிசையான ஆராதனை என்று பழகிய சபைக்கு இந்த இரைச்சல் ஒத்துவரவில்லை. அதைவிட ஆழமான சிக்கல் உபதேசத்தில். அவர்கள் நம்பிய ‘முன்குறித்தல்’ சொல்வது: யார் ரட்சிக்கப்படுவார் என்பதைக் கடவுள் முன்னமே தீர்மானித்துவிட்டார். ஆனால் கூட்டத்தில் கேட்ட குரலோ, ‘இப்போதே வா, யாரும் வரலாம்’ என்பது. இரண்டையும் ஒரே வாயால் சொல்வது கஷ்டம். ஸ்டோனும் சிலரும் 1803இல் தங்கள் சினாடை (போதகர்களும் மூப்பர்களும் கூடும் சபை மன்றம்) விட்டு வெளியேறினார்கள்; அந்த ஓடையில் வந்தவைதான் பின்னாளைய ‘கிறிஸ்துவின் சபை’கள். இன்னொரு பிரிவு 1810இல் கம்பர்லேண்ட் பிரெஸ்பிட்டேரியன் சபையானது.

மெத்தடிஸ்டுகளுக்கு இந்தத் தடை இல்லை. வரும்படி எல்லோரையும் அழைப்பதே அவர்கள் உபதேசம். ஒரு வட்டாரம் முழுக்கக் குதிரையில் சுற்றி வரும் ‘சர்க்யூட் ரைடர்’ போதகர்களும் அவர்களிடம் இருந்தார்கள். பிஷப் பிரான்சிஸ் ஆஸ்பரி இதைப் பெரிய வலை போட்டு மீன் பிடிப்பதற்கு ஒப்பிட்டார். கூட்டத்தில் மனந்திரும்பியவரை அப்படியே விட்டுவிடாமல் ஊரில் ஒரு சிறு குழுவில் சேர்த்துவிடுவார்கள்.

ஒழுங்கும் அவர்களால் வந்தது. நடுவில் பிரசங்க மேடை, எதிரே பிளந்த மரங்களால் பெஞ்சு, சுற்றிலும் வட்டமாகவோ லாடம் போலவோ சதுரமாகவோ கூடாரங்கள். பெஞ்சுகளுக்கு நடுவே வழி; ஒரு பக்கம் ஆண், மறுபக்கம் பெண். விடியலில் கொம்பு ஊதினால் எழுந்திருக்க வேண்டும், அப்புறம் ஜெபத்துக்கு, பிரசங்கத்துக்கு என்று மறுபடி மறுபடி ஊதும். இரவு வெளிச்சத்துக்கு, ஆள் உயரத்துக்குத் தட்டிகள் கட்டி, மேலே மண் கொட்டி, அதில் தீ மூட்டினார்கள். மேடைக்கு முன்னால் வைக்கோல் பரப்பிய இடமும் ‘புலம்புவோர் பெஞ்சு’ம் இருக்கும்; பாவ உணர்வு வந்தவர்கள் அங்கே வந்து உட்கார, மற்றவர்கள் சுற்றி நின்று ஜெபிப்பார்கள். இன்று பல சபைகளில் ‘முன்னால் வாருங்கள்’ என்று அழைக்கும் வழக்கத்தின் முன்னோடிகளில் இதுவும் ஒன்று.

சாராயம் விற்கிறவனும் வந்தான், சும்மா பையன்களும் வந்தார்கள். ராத்திரி காவல் போட்டதே அதனால்தான். கூட்டத்தில் காப்பாற்றப்பட்ட ஆத்துமாக்களைவிட உருவான ஆத்துமாக்கள் அதிகம் என்ற கேலி அன்றே இருந்தது. பல்லாயிரம் பேர் இருட்டில் தங்கினால் ஒன்றுமே நடக்கவில்லை என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. கேலியைக் கணக்காக எடுத்துக்கொள்ளவும் முடியாது.

மேடைக்குப் பின்னால் இருந்தவர்கள்

1800இல் கென்டக்கியில் ஏறத்தாழ 40,000 பேர் அடிமைகள். கேன் ரிட்ஜ் கூட்ட வீட்டிலேயே அவர்களுக்கு மேலே தனி மாடம். வெளிப்புறத்திலிருந்து ஏணி போட்டு ஏற வேண்டும். தெற்கு மாநிலக் கேம்ப் மீட்டிங்குகளில் கறுப்பின மக்களின் இடம் பெரும்பாலும் மேடைக்குப் பின்னால். வெள்ளையர் படுக்கப்போன பிறகும் அந்தப் பக்கத்திலிருந்து பாட்டு விடியும் வரை கேட்கும்.

பாட்டுப் புத்தகம் கிடையாது, பலருக்குப் படிக்கவும் தெரியாது. ஒருவர் ஓர் அடி எடுக்க, கூட்டம் திரும்பப் பாடும். தெரிந்த பாட்டின் இரண்டு அடியோடு எளிய பல்லவியை ஒட்டிக்கொள்ளும். ஆப்பிரிக்கப் பாடல் மரபில் வந்தவர்களுக்கு இது கைவந்த முறை. இரு பக்கப் பாட்டும் ஒன்றிலொன்று கலந்தன. 1819இல் ஜான் வாட்சன் என்ற மெத்தடிஸ்ட் எழுத்தாளர், கறுப்பின மக்களின் பாட்டு முறை வெள்ளையரிடமும் தொற்றிவிட்டதே என்று புலம்பினார். அவர் குறையாகச் சொன்னது இன்று நமக்குச் சாட்சி. ‘வா, யாரும் வரலாம்’ என்று அழைத்த சபை, வந்தவரை விடுதலை செய்யச் சொல்லி எஜமானரைக் கட்டாயப்படுத்தவில்லை. முதலில் அடிமைமுறையைக் கண்டித்துப் பேசிய மெத்தடிஸ்டுகள் படிப்படியாகக் குரலைத் தாழ்த்தினார்கள். 1844இல் இந்த வழக்கிலேயே சபை இரண்டானது.

கூடாரம் வீடான கதை

லாரன்சோ டவ் இந்த முறையை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1807 மே 31 அன்று மோ காப் என்ற குன்றில் அங்கே முதல் கேம்ப் மீட்டிங். அங்குள்ள மெத்தடிஸ்ட் தலைமை அமெரிக்காவுக்குப் பொருந்தலாம், இங்கே வேண்டாம் என்று தடுத்தது; மீறியவர்கள் தனியே ‘பிரிமிட்டிவ் மெத்தடிஸ்ட்’ சபையானார்கள்.

அமெரிக்காவில் எல்லைப்புறம் மேற்கே நகர்ந்துபோக, பழைய இடங்களில் ஊர் வந்தது, சாலை வந்தது, ஊருக்கொரு ஆலயம் வந்தது. தங்கியே தீர வேண்டிய கட்டாயம் போய்விட்டது. அப்போதும் ஜனங்கள் தங்குவதை விடவில்லை. மாசசூசெட்ஸ் கரையை ஒட்டிய மார்தாஸ் வினியார்ட் தீவில் 1835இல் கருவேல மரத்தோப்பில் ஒன்பது கூடாரத்தோடு தொடங்கிய இடத்தில், வருஷாவருஷம் அதே குடும்பம் அதே இடத்தில் கூடாரம் போட்டது. பிறகு கூடாரத்துக்கு அடியில் பலகை போட்டார்கள். பிறகு கூடாரம் இருந்த அளவிலேயே சின்ன மர வீடு கட்டினார்கள். சுமார் முந்நூறு வீடுகள் இன்றும் வண்ணம் பூசி நிற்கின்றன. நெருக்கமாக, ஒருவர் தாழ்வாரத்திலிருந்து அடுத்தவர் தாழ்வாரத்துக்குக் கை நீட்டிக் காப்பி கொடுக்கும் தூரத்தில். முன்வாசலுக்கு ஒற்றைக் கதவு இல்லை. கூடாரத் துணியை இரண்டு பக்கமும் விலக்குவது போல, நடுவில் பிரிந்து திறக்கும் இரட்டைக் கதவு.